பேச்சு வராத பிள்ளைக்கும் படிப்பு வரும்



என் சின்ன மகனுக்கு மூணு வயசு முடிஞ்சும் அம்மா, தாத்தா என்று ரெண்டு மூணு வார்த்தைதான் வந்தது. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்றார்கள் சிலர். "நாக்குல வசம்பு தேய்" என்றார்கள் சிலர். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ரெண்டு வயசில் "பால் வேணும்" மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதிக்கணும். காதில் விழாத வார்த்தை வாயில் வராது. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய திட்டப்படி அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு பேச்சுத் தாமதத்தையும் பார்க்கும். ஜிப்மரில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. என் மகனுக்குக் காது நல்லாக் கேட்குதுன்னு தெரிஞ்ச பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போனோம்.

அடுத்து படிப்புக் கவலை. "பேச்சே வரல, இவன் எங்க படிக்கப்போறான்" என்று காதுபடச் சொன்னாங்க. ஆனால் "கிண்ணத்தை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருவான். புரியுது, சொல்லத்தான் வரல. அதனால "சொல்லு" என்று கேட்பதை விட்டு, "காட்டு" என்று கேட்டேன்.

247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்கல. பால், படி, மாடு, அம்மா என்று வீட்டில் இருப்பதை எடுத்தேன். ப, ம ரெண்டும் உதடு சேர்ந்து வரும், பிள்ளை நம்ம வாயைப் பார்த்தே கத்துக்கும். பழைய காலண்டர் அட்டையில் பெரிசா எழுதி, ரெண்டு அட்டையை முன்னால வச்சு, "பால் எது?" என்பேன். சரியாத் தொட்டா கை தட்டுவேன். தினம் பத்து நிமிஷம், அதுக்கு மேல இல்லை. ஒருநாள் பஸ் போர்டில் "பாகூர்" என்பதில் முதல் எழுத்தைக் காட்டி, "பா" என்றான். பால் அட்டையில் பார்த்த அதே எழுத்து!

"பழம்" என்பதை "பயம்" என்று சொன்னால் அதட்டித் திருப்பிச் சொல்ல வைக்காதீங்க. "ஆமா, பழம்" என்று நாமே சரியாச் சொன்னாப் போதும்.

இப்ப ஒன்னாம் வகுப்பு. பேச்சு இன்னும் முழுசா வரல. வாய் திறக்காத பிள்ளையை மக்கு என்று பின்னால உட்கார வச்சிடக் கூடாதே என்று, "இவன் விரல் வச்சுக் காட்டுவான் டீச்சர்" என்று முதல் நாளே சொல்லிட்டேன். காட்டுறான், படிக்கிறான்.

சகோதரிகளே, சேமிப்புக் கணக்குப் பார்க்கும் கூட்டத்தில் பிள்ளைங்க பேச்சையும் ஒரு வார்த்தை விசாரிங்க. பேச்சு பிந்திய பிள்ளை இருந்தா, அந்தத் தாய்க்குத் துணையா ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. எழுத்தைக் காட்டப் பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.