பெயரில்லாத படங்கள்

அச்சேறிய நூலை மட்டுமே ஆவணமென்று கொண்டால் மலையகத்தவர் கையில் மிஞ்சுவது சொற்பம். செக்ரோல் தோட்டத்து ஆபீசில் எழுதப்பட்டது. லயத்தில் பாடியவை பெரும்பாலும் காற்றோடு போயின, சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்தவையே எஞ்சின. எனவேதான் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், ஏடுகளோடு நில்லாமல் படங்களையும் குரல்களையும் சேர்த்து வருவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் படத்தை ஏற்றிவிட்டால் போதுமா? வெள்ளையர் காலத்து அஞ்சலட்டைகளில் கொழுந்து பறிக்கும் பெண் கூடையோடு நிற்பாள். அடியில் ‘இலங்கை’ என்றிருக்கும், ‘தேயிலை’ என்றிருக்கும். அவள் பெயர் இராது. அதை அப்படியே திரைக்கு மாற்றினால் பழைய புறக்கணிப்பும் கூடவே ஏறிக்கொள்ளும்.

அட்டன் பக்கத்து மூதாட்டி ஒருவரிடம் அத்தகைய படமொன்றைக் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. தலையில் கிடந்த கம்பளியைப் பார்த்து, “மழை நாளு” என்றார். கூடையைப் பார்த்து, “நிறுக்கப் போறா, கொழுந்து ரொம்பிருச்சு” என்றார். எந்த ஆங்கிலக் குறிப்பிலும் இல்லாத செய்தி இது! நான் அதுவரை அழகை மட்டுமே கண்டிருந்த படத்தில் ஒரு நாட்பேர் தெரிந்தது.

இன்று தோட்டத்துப் பிள்ளைகளே கைத்தொலைபேசியில் படம் பிடித்து இணையத்தில் பகிர்கிறார்கள். நல்ல படங்கள்தாம். ஆளின் சம்மதத்தோடு பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவற்றையும் எழுதி வைக்கட்டும். பாட்டிமார் இருக்கும்போதே பழைய படங்களையும் காட்டிக் கேட்கட்டும்.