பண்டோரா: பெயரும் பழியும்



பரிசளிப்பு நாளில் பரிசைப் பற்றிப் பேசுவதுதான் பொருத்தம். பரிசையே பெயராகக் கொண்ட ஒரு பெண் கிரேக்கப் புராணத்தில் இருக்கிறாள். அவள் பெயர் பண்டோரா. கிரேக்க மொழியில் 'பான்' என்றால் எல்லாம். 'டோரோன்' என்றால் பரிசு.

கதை நீங்கள் அறிந்ததுதான். புரோமீதியஸ் வானத்து நெருப்பைத் திருடி மனிதனுக்குக் கொடுத்தான். தேவர்களின் தலைவன் சூஸ் கோபம் கொண்டான். மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு பெண்ணைச் செய்வித்தான். அதீனா அவளுக்கு நெசவு கற்பித்தாள். அப்ரோடைட்டி அழகு கொடுத்தாள். தேவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பரிசு தந்ததால் பண்டோரா என்று பெயர் வந்தது. அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். நோயும் துன்பமும் உலகமெங்கும் பரவின. நம்பிக்கை மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், திறக்காதேன்னு அவகிட்ட யார் சொன்னாங்க?" என்று கேட்டாள். நானோ, "உட்காரும்மா, கதையை மட்டும் கேளு" என்று அதட்டிவிட்டேன். அவள் முகம் வாடிப் போனது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன்.

என்ன கண்டேன் தெரியுமா? இக்கதையைக் கி.மு. 700 வாக்கில் பாடியவர் ஹெசியட் என்னும் கவிஞர். அவர் பாட்டில், திறக்காதே என்று பண்டோராவிடம் யாருமே சொல்லவில்லை! எச்சரிக்கப்பட்டவன் வேறொருவன். "சூஸ் தரும் பரிசை வாங்காதே" என்று புரோமீதியஸ் தன் தம்பி எபிமீதியஸிடம் சொல்லியிருந்தான். தம்பி அதை மறந்து அவளை ஏற்றுக்கொண்டான். எபிமீதியஸ் என்றால் பின்புத்திக்காரன் என்று பொருள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! பழி மட்டும் பெண்ணின் தலையில் விழுந்தது.

பெட்டியும் பிற்காலத்தில் வந்ததுதான். ஹெசியட் சொன்னது தானியமும் எண்ணெயும் சேமிக்கும் பெரிய மண் தாழி. 1508-இல் எராஸ்மஸ் என்னும் அறிஞர் லத்தீனில் எழுதியபோது அது சிறு பெட்டியாகிவிட்டது.

இன்னொன்றும் கேளுங்கள். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கிரேக்கக் கிண்ணம் இருக்கிறது, ஏறக்குறைய கி.மு. 460-ஐச் சேர்ந்தது. தேவர்கள் அவளை அலங்கரிக்கும் காட்சியை அதில் தீட்டி, 'அனெசிடோரா' என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். பூமியிலிருந்து பரிசுகளை மேலே அனுப்புகிறவள் என்று பொருள். நமக்கு விளைச்சலைத் தரும் மண்ணுக்கே உரிய பெயர் அது! கொடுப்பவளைத்தான் கெடுத்தவள் ஆக்கிவிட்டோம்.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அந்த மாணவியிடம், "நீ கேட்டதுதான் சரி, நான் அதட்டியது தப்பு" என்று ஒப்புக்கொண்டேன்.

பெற்றோர்களே, உங்கள் மகள் "ஏன்?" என்று கேட்டால் "வாயாடி" என்று அடக்கிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் "தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களும் சரி, கைதட்டுகிறவர்களும் சரி, கேட்கும் வாயை மூடிவிடாதீர்கள். தாழியின் அடியில் நம்பிக்கை இருப்பது, திறந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.