கரைவலைக் கயிறும் சலங்கையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழும்பில் பிள்ளைகளுக்கு நடக்கும் கலை வகுப்புகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நடன ரீச்சர்மாருக்கு எண்ணத் தெரியும், ஆனால் நேரம் பார்க்கத் தெரியாது என்று எங்கள் வீட்டில் ஒரு பகிடி உண்டு. முயற்சிக்கிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமைக் காலையை நினைத்துப் பாருங்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஏதோ ஒரு மாடியில் தட்டுக்கழி சத்தம் கேட்கும். ஒரு வீட்டில் வயலின், அடுத்த வீட்டில் மிருதங்கம், அதற்கடுத்த வீட்டில் கணித ரியூஷன். பிள்ளை எட்டு மணிக்கு நடனம், பத்து மணிக்கு வாய்ப்பாட்டு, மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை வானுக்குள்ளேயே திறந்து முடித்துவிட்டு இரண்டு மணிக்கு ஆங்கிலப் பேச்சும் நாடகமும். தாய்மார் படிக்கட்டில் இருந்து அடுத்த பரீட்சையைப் பற்றிக் கதைப்பார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் முதலாம் தரத்தில் ஏறினால் தரம் தரமாகப் படிகள் இருக்கின்றன. அதற்கும் மேலே ஆசிரியர் தரம், கலாவித்தகர் பட்டம். இடையில் சலங்கை அணி விழா, பிறகு அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், பட்டுச்சேலை, மேடை அலங்காரம், வீடியோ, மலர், விருந்து. சில குடும்பங்களுக்கு அது ஒரு கலியாணச் செலவு. இருபத்தேழு வருடங்களாக இந்தப் படிக்கட்டின் மேல்பக்கத்தில் நின்று தட்டுக்கழி தட்டுகிறவள் நான். அதனால் இதைப் பழிக்கவும் புகழவும் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நான் உடப்பில் பிறந்தவள். அங்கே நாங்கள் யாரும் கலை வகுப்புக்குப் போகவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆடி மாதம் வந்தால் திரௌபதையம்மன் கோயிலில் 18 நாள் விழா. தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்துக் கிடக்கும் காலம் அது. ஊர் முழுக்கக் கோயிலடியில்தான் இருக்கும். பாரதக் கதை நாளுக்கு நாள் வளர்ந்து, கடைசியில் தீமிதிப்பில் வந்து முடியும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பாஞ்சாலியின் சபதம் தெரியும். யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆச்சியின் மடியில் பாதி தூக்கத்தில் கேட்டதுதான்.

கடல் அமர்ந்த மாதங்களில் இன்னொரு பள்ளிக்கூடம் திறக்கும். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவைத்தான் சொல்கிறேன். இங்கே இருக்கும் இளம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வலை கடலில் அரைவட்டமாகக் கிடக்கும். அதன் இரண்டு தலைக்கயிறும் கரையில் இருக்கும். இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றைப் பிடித்து, காலை மணலில் ஊன்றி, பின்பக்கம் சாய்ந்து இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த வாங்கும் இடத்தில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நீண்டு ஆறுதலாகப் போகும். மடி கரையை நெருங்க நெருங்க, மீன் தப்பிவிடக்கூடாதே என்று வேகம் கூடும், அடி குறுகும், கடைசியில் சொல்லே இல்லாமல் வெறும் சத்தமாகிவிடும். விளம்பம், மத்திமம், துரிதம் என்று மூன்று காலங்களையும் பிற்காலத்தில் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்தபோது, பக்கத்திலிருந்த பிள்ளைகள் கைவிரலில் எண்ணினார்கள். எனக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் முதுகு பின்னால் சாய்வது கண்ணுக்குள் வரும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நல்ல கைதட்டல் கிடைக்கும். "அந்தக் காலமே பொற்காலம், கொழும்பு வகுப்பெல்லாம் வியாபாரம்" என்று சொல்லிவிட்டு இறங்கலாம். பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அது முழு உண்மையல்ல.

அந்தக் கயிற்றைப் பிடித்தவர்கள் ஆண்கள். எங்கள் நாட்டின் தமிழ்க் கூத்துகளில் பாஞ்சாலியாகவும் சீதையாகவும் சேலை கட்டி ஆடியவர்களும் ஆண்கள்தான். நாங்கள் பாயில் இருந்து பார்த்தோம். பொம்பிளைப் பிள்ளை மேடையேறுவது என்றால் எங்கள் பெரியவர்கள் உடனே ஒரு சொல்லைச் சொல்வார்கள்: சின்னமேளம். கோயில் திருவிழாக்களில் ஆட வந்த பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். கலையின் பெயராக இருந்த சொல்லை வசையாக்கிவிட்டார்கள். எனக்கு நடனம் படிக்க ஆசை என்று முதன்முதலில் சொன்னபோது ஆச்சி அந்தச் சொல்லைத்தான் சொன்னா. நான் மூன்று நாள் அழுதேன்.

அந்த வசையை உடைத்தது வகுப்புத்தான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறினார். அடுத்த வருடம் கலாக்ஷேத்திரா தொடங்கியது. நடனத்தைப் பாடத்திட்டமாக்கி, மணி அடித்துத் தொடங்கி மணி அடித்து முடிக்கும் வகுப்பாக்கியதால்தான் நடுத்தரக் குடும்பங்கள் பெண்பிள்ளையை அனுப்பத் துணிந்தன. அதற்கு ஒரு விலையும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைச் சுமந்த பெண்கள் ஒதுங்கவேண்டி வந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது ஒரு கொடுமை நின்றது, ஆனால் அவர்களுடைய மேடையும் போனது. பாலசரசுவதி போன்ற சிலர்தான் நின்று பிடித்தார்கள். இதை என் மாணவிகளுக்கு நான் கட்டாயம் சொல்வேன். நீங்கள் கட்டுகிற சலங்கை யாருடைய காலிலிருந்து வந்தது என்று தெரியாமல் கட்டக்கூடாது.

எங்களுக்கு அந்த வாசலைத் திறந்தது இந்தப் பாடசாலை. பரிசளிப்பு விழா, தமிழ்மொழித் தினப் போட்டி, விடுதியின் கலைமகள் விழா, நத்தார் நாடகம். கல்பிட்டியிலிருந்து வந்தவளும் முந்தலிலிருந்து வந்தவளும் உடப்பிலிருந்து வந்தவளும் ஒரே மேடையில் நின்றோம். சனிக்கிழமை மாலைகளில் சாப்பாட்டு மண்டபத்து வாங்குகளை ஒதுக்கிவிட்டு, விடுதிக்குப் பொறுப்பாக இருந்த ரீச்சர் எங்களை ஆட வைப்பார். அவருக்கு நடனம் தெரியாது. "கை நேராக இருக்கட்டும், சிரித்துக்கொண்டு ஆடுங்கள்" என்பது மட்டுமே அவருடைய பாடத்திட்டம். அந்த வாங்குகளை ஒதுக்கியிருக்காவிட்டால் நான் இன்றைக்கு இங்கே நிற்கமாட்டேன்.

ஆகவே கொழும்பு வகுப்புகளை யாராவது எளிதாக ஏளனம் செய்தால் எனக்குக் கோபம் வரும். அங்கே வரும் பெண்பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிர்ந்த முதுகு பெரிய விடயம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாம் தரம் வரை அதிவிசேட சித்தி பெற்ற ஒரு மாணவி எனக்கு இருந்தாள். அரங்கேற்றம் முடிந்து ஒரு மாதத்தில் சலங்கையைக் கொண்டுவந்து திருப்பித் தந்தாள். "இனி யாருக்கு ரீச்சர் ஆடுறது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. வகுப்பில் அடவு இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. பார்க்கிறவர்கள் இல்லை. அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் குடும்பத்துக்காக வருகிறார்கள். உடப்பில் 18 நாளும் பாயில் இருந்தவர்கள் கதைக்காக வந்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் தோழிகள், அங்கேயும் இதே கேள்விதான் என்று எழுதுகிறார்கள்.

அதன் பிறகு ஒரு டிசம்பர் விடுமுறையில் பதினொரு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். கரைவலை இழுக்கும் இடத்தில் நிறுத்தினேன். தாளக் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி கையில் எண்ணிக்கொண்டே நின்றாள். ஒரு பெரியவர் கயிற்றைக் காட்டி, "பிள்ளை, பிடிச்சுப் பார்" என்றார். பிடித்தாள். எண்ணும்வரை எல்லோரையும் பிந்தி இழுத்தாள். எண்ணுவதை விட்டபிறகு சரியாக வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போது அவள் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறாள்.

கொழும்பு மேடைக்கும் எங்கள் கரைக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1956இல் லயனல் வெண்ட் அரங்கில் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியபோது சிங்கள நாடகத்துக்கே புதுவழி திறந்தது என்பார்கள். அது எடுத்துக்கொண்ட நாடகம என்ற வடிவம் கத்தோலிக்கர் வழியாக வந்த தமிழ் நாட்டுக்கூத்தில் வேர்கொண்டது. பின்னர் பேராதனையில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 1962இல் 'கர்ணன் போர்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். நகரத்து மேடை வறண்டபோதெல்லாம் கிராமத்துக்குத்தான் வந்து தண்ணீர் அள்ளியிருக்கிறது. அள்ளியவர்கள் கிணற்றைத் தூர்வாரினார்களா என்பது வேறு கேள்வி.

புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியைத் தெரியும்தானே. ஆபிரிக்க வழிவந்த அந்த மக்கள் மஞ்சா பாடுகிறார்கள். பாட்டிலிருக்கும் போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்று அவர்கள் வீட்டில் பேசும் மொழியல்ல. இருந்தும் பாட்டு நிற்கிறது. வகுப்பும் இல்லை, தரமும் இல்லை. பெரியவர்கள் பாடும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் இருப்பதை எங்கள் கரையில் நாங்கள் விட்டுக்கொண்டிருக்கிறோம். அம்பா தெரிந்தவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். வலையை இயந்திரம் இழுக்கும் இடத்தில் பாட்டுக்கு வேலை இல்லை.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நூற்றாண்டு நிதியில் முகப்பு வளைவு ஒன்று கட்டுவதாகப் பேச்சு இருக்கிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் கீழால் நடந்துபோகும் பிள்ளைகளில் எத்தனை பேர் சனிக்கிழமையில் கொழும்புக்கு வர முடியும்? சிலாபத்திலிருந்தே ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பஸ் காசு, வகுப்புக் காசு, ஒரு முழு நாள், கூட வர ஒரு தாய். அந்தத் தாய் அன்றைக்குக் கருவாடு காயப்போடும் வேலையை விடவேண்டும். திறமை இருக்கும் பிள்ளை வீட்டிலேயே நிற்கிறாள்.

வளைவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு நடன ஆசிரியைக்கும் ஒரு நாடக ஆசிரியைக்கும் சனிக்கிழமைப் படி கொடுத்து, அதே சாப்பாட்டு மண்டபத்தில், அதே வாங்குகளை ஒதுக்கி, வகுப்புத் தொடங்கலாம். அம்பா தெரிந்த பெரியவர்களை மரியாதையாக அழைத்து, அவர்களுக்கும் ஆசிரியருக்குரிய படியைக் கொடுத்து, பாட வைத்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யலாம். பெண்பிள்ளைகளும் கயிறு பிடிக்கட்டும். வெளிநாட்டில் கலாவித்தகர் முடித்த உங்கள் மகள்மார் விடுமுறைக்கு வரும்போது இரண்டு கிழமை வந்து கற்பிக்கட்டும். "யாருக்கு ஆடுறது" என்று கேட்கும் பிள்ளைகள் அவர்கள்தான்.

பொருளாளர் அக்கா முன்வரிசையில் இருந்து என்னை முறைக்கிறா. கணக்கு அவவுக்குத்தான் தெரியும், அதனால் செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுங்கள். என் பங்காக முதல் தவணை முழுவதும், படி வாங்காமல், ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். தட்டுக்கழியும் நானே கொண்டு வருவேன். என்னோடு வரக்கூடியவர்கள் தேநீர் இடைவேளையில் வாசலில் இருக்கும் கொப்பியில் பெயரையும் எந்த ஆண்டு மாணவி என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.