பலசாலி எல்லாம் பகவானா?

(நவராத்திரி கூட்டத்தில் ஆற்றிய உரை)

போன வருஷம் எங்காத்துக் கொலுவில், மேல்படியில் தசாவதார செட்டுக்குப் பக்கத்தில், என் பேரன் ஒரு சூப்பர்மேன் பொம்மையை வைத்துவிட்டான். நான் அதட்டி எடுத்துவிட்டேன். "அவரும்தான் பறக்கறார், மலையைத் தூக்கறார். அவர் ஏன் உம்மாச்சி இல்லை, தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை முகம் வாடிவிட்டது.

அப்புறம் அவனுடைய காமிக்ஸ் புஸ்தகங்களையே வாங்கிப் படித்தேன். 1966-ல் வந்த காலக்டஸ் என்ற பாத்திரம் கிரகங்களையே விழுங்குகிறது. அவ்வளவு பலம்! ஆனால் அத்தனையும் தன் பசிக்காக. 1962-ல் மார்வெல் காமிக்ஸில் வந்த தோர், பிறப்பிலேயே தேவன். ஆனாலும் அவன் கர்வம் அடங்கவேண்டும் என்று தகப்பனார் ஓடின் அவனை ஒரு கால் ஊனமான டாக்டராகப் பூமிக்கு அனுப்பினாராம். யோக்யதை உள்ளவனால்தான் அவன் சுத்தியலைத் தூக்கமுடியும்.

விஷ்ணு புராணம் பகவானுக்குச் சொல்லும் ஆறு லட்சணங்களில் ஐஸ்வர்யமும் புகழும் உண்டு. கூடவே ஞானமும் வைராக்யமும் உண்டு. ஆறும் பூரணமாக இருக்கவேண்டும். பலத்தை மட்டும் காட்டி "நானே ஈஸ்வரன்" என்றவன் ஹிரண்யகசிபு. அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றது ஒரு குழந்தைதான்.

சூப்பர்மேன்? 1938-ல் வெளிவந்த, ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் படைத்த பாத்திரம். இத்தனை சக்தி இருந்தும் பத்திரிகை ஆபீஸில் சாதாரண நிருபராக வேலை பார்க்கிறார். அது ஒருவகை வைராக்யம்தான். ஆனால் அவர் ஞானம் பூரணமில்லை, ஏமாறுகிறார். கிரிப்டோனைட் கல் அருகில் வந்தால் சோர்ந்து விழுகிறார். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. பிறருக்காகத் தன் சக்தியைச் செலவிடும் நல்ல மனுஷர். அவ்வளவே.

இதைப் பேரனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, இந்த வருஷம் அவனே சூப்பர்மேனைக் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், மனுஷர்களோடு வைத்தான். "தோரை எந்தப் படியில வைக்கறது?" என்று இப்போது கேட்கிறான். அடுத்த நவராத்திரிக்குள் பதில் சொல்லவேண்டும்!

உங்காத்துக் குழந்தைகளும் இப்படிக் கேட்டால், என்னைப் போல அதட்டிவிடாதீர்கள். கூட உட்கார்ந்து படியுங்கள்.