கட்டத்துக்குள் ஒரு கதை



மாதாப்பூரில் மாலை வேளையில் நடந்து சென்றால் தமிழொலி நம் செவியில் விழாமற் போவதில்லை. பணியின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகின்றனர். பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இப்பள்ளத்தைத் தாண்டச் சித்திரக்கதை ஒரு சிறு பாலமாகும். குழந்தைகளே அதனை வரைவார்களாயின் பயன் இரட்டிப்பாகும். பக்கத்தை வகுப்பது எங்ஙனம், கட்டங்களை அமைப்பது எங்ஙனம் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

காட்சிகளை வரிசைப்படுத்திக் கதை சொல்லுதல் நமக்குப் புதிதன்று. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்றுள்ளது. காட்சிகளுக்குத் தமிழ் விளக்கமும் உண்டு. நாம் வாழும் தெலங்காணத்திலோ செரியால் ஓவியம் இருக்கிறது. துணியின்மீது புளியங்கொட்டைப் பசையும் வெண்மண்ணும் பூசி, சிவந்த பின்புலத்தில் காட்சிகளை எழுதுவர். கதைசொல்லிகள் அந்நீண்ட சுருளைச் சிறிது சிறிதாக விரித்துக் கதையை நடத்துவர். அச்சுலகில், 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' நாள்தோறும் சில கட்டங்களிலேயே கதையை நகர்த்தியது. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழ்ச் சிறுவர்க்கு உறவாக்கியது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பேரன் ஒருவன் ஊரிலிருந்து வரும் தாத்தாவை எதிர்கொள்ளச் செகந்தராபாத் ரயில் நிலையத்திற்குச் செல்கிறான் என்று கொள்வோம். இதனை ஒரே அளவுள்ள ஆறு கட்டங்களில் வரையலாம். கதை தெளிவாக விளங்கும். ஆனால் கடிகாரத்தின் ஓசைபோல ஒரே நடையில் செல்லும். வேறொரு வகையாகவும் வகுத்துப் பார்ப்போம். மேலே பக்கத்தின் முழு அகலத்திற்கும் ஒரு கட்டம்: ரயில் மேடையும் கூட்டமும். இடம் இன்னதென்று படிப்பவர் அறிந்துகொள்கிறார். நடுவரிசையில் சிறு கட்டங்கள் நான்கு: தேடும் கண்கள், ஒரு மஞ்சட்பை, பழைய செருப்பணிந்த பாதங்கள், சட்டென்று திரும்பும் முகம். சிறு கட்டங்கள் நெருங்கி நிற்பதால் பரபரப்பு மிகுகிறது. கீழே ஒரு பெரிய கட்டம்: தாத்தாவின் கைகளில் பேரன். அங்கே கண் இளைப்பாறுகிறது. கட்டங்கள் ஆறே, கதையின் நாடித்துடிப்போ மாறிவிட்டது.

கட்டங்களுக்கு இடையே விடப்படும் வெள்ளை இடம் வெறும் இடமன்று. பாதங்களைக் கண்டதற்கும் முகம் திரும்புவதற்கும் நடுவே நிகழ்ந்ததைப் படிப்பவரே மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்க ஓவியர் சித்திரக்கதையின் இலக்கணத்தை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட நூலில் இதனையே அக்கலையின் உயிராகக் காட்டினார்.

தமிழில் வரைவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. 'வந்துகொண்டிருக்கிறார்' என்னும் ஒரு சொல்லே சிறு கட்டத்தின் அகலத்தை விழுங்கிவிடும். ஆகவே, உரையாடலை முதலில் எழுதி, அதற்குரிய குமிழை வரைந்து, எஞ்சிய இடத்தில் உருவங்களை அமைத்தல் நலம். முதலில் பேசுபவரின் குமிழ் இடப்புறம் மேலே நிற்க வேண்டும். படமே சொல்லிவிடுவதைச் சொல்லாலும் சொல்லுதல் வேண்டா. நல்ல தாளில் தொடங்குமுன், கையகலத் தாளில் இரண்டு மூன்று விதமாகப் பக்கத்தைக் கீறிப் பார்த்தல் உழைப்பை மிச்சப்படுத்தும்.

குழந்தை எழுதும் முதற் குமிழில் ஒற்றும் கொம்பும் பிழைபடலாம். அதற்காக நாம் சினவாதிருப்போம். 'தாத்தா' என்னும் மூன்றெழுத்தைத் தன் கதைக்காகத் தானே விரும்பி எழுதிய குழந்தை, அடுத்த கட்டத்தில் நான்காம் எழுத்தைத் தேடிக்கொண்டு நம்மிடமே வரும். அப்போது அருகில் அமர்ந்து காட்டிக்கொடுக்க நமக்கு நேரம் இருக்க வேண்டும். வேண்டுவது அவ்வளவே.