மொட்டைமாடி ஆன்டெனா: மீட்டர் பொய் சொல்லும்போது என்ன பண்றது?

போன எபிசோட்ல ஹாம் ரேடியோ உரிமம் எப்படி வாங்குறதுன்னு பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெயில்ல பாதி ஒரே கேள்விதான். "பரீட்சை பாஸ் பண்ணிட்டேன், கால்சைன் வந்துடுச்சு, கையில ஒரு சின்ன செட்டும் இருக்கு. ஆனா வீட்டுக்குள்ள இருந்து பேசினா பக்கத்து ஏரியாவுக்கே கேட்கல. செட்டை மாத்தணுமா?"

வேண்டாம். அந்தக் காசை மொட்டைமாடியில போடுங்க. செட்டோட வந்த குட்டி ரப்பர் ஆன்டெனாவும், உங்களைச் சுத்தி இருக்கிற கான்கிரீட் சுவரும்தான் பிரச்சினை. இன்னைக்கு 2 மீட்டர் பேண்டுக்கு, அதாவது இந்தியாவுல 144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், வீட்டு மாடியில ஒரு வெர்ட்டிகல் ஆன்டெனா நிறுத்துறது எப்படி, அதை வருஷக்கணக்கா உயிரோட வச்சிருக்கிறது எப்படின்னு பார்ப்போம்.

ஏன் செங்குத்தா?

கையில வச்சிருக்கிற செட், கார்ல இருக்கிற செட், மலை மேல இருக்கிற ரிப்பீட்டர், எல்லாத்தோட ஆன்டெனாவும் நேரா நிக்குது. நம்மளோடதைப் படுக்க வச்சா சிக்னல் பயங்கரமா குறையும். இன்னொன்னு, செங்குத்து ஆன்டெனா சுத்திலும் எல்லா திசைக்கும் சமமா அனுப்பும். திருப்ப மோட்டார் எதுவும் தேவையில்ல.

அடுத்தது உயரம். இந்த அதிர்வெண்கள் பெரும்பாலும் நேர்கோட்டுல போறதால பூமியோட வளைவுதான் எல்லை. கணக்கு சுலபம்: தரையிலிருந்து ஆன்டெனாவோட உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க. கிலோமீட்டர்ல ரேடியோ தொடுவானம் வந்துடும். 4 மீட்டர் உயரத்துக்கு 8 கிலோமீட்டர். 16 மீட்டருக்கு 16 கிலோமீட்டர் சொச்சம். எதிர்முனையில இருக்கிறவரோட தொடுவானத்தையும் கூட்டிக்கணும். அவர் மலை மேல இருக்கிற ரிப்பீட்டர்னா தூரம் எங்கேயோ போயிடும். ஒன்னு கவனிச்சீங்களா? உயரம் நாலு மடங்கானாத்தான் தூரம் ரெண்டு மடங்கு. அதனால மூணு மாடி வீட்டுக்காரர் இன்னும் 3 மீட்டர் பைப் போட்டு உயிரைப் பணயம் வைக்கணும்னு அவசியமில்ல. சுத்தி இருக்கிற தண்ணித்தொட்டி, மாடி ரூம், இதையெல்லாம் தாண்டி நின்னா போதும்.

ஆன்டெனா: வாங்கலாம், செய்யவும் செய்யலாம்

145 மெகாஹெர்ட்ஸோட அலைநீளம் 2.07 மீட்டர். அதுல கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். கம்பியில ஓடும்போது கொஞ்சம் குறைஞ்சு 49 கிட்ட வரும். வெல்டிங் கடையில கிடைக்கிற பித்தளை ராடு அஞ்சு, ஒரு கனெக்டர், இவ்வளவுதான். ஒரு ராடு நேரா மேல. நாலு ராடு கீழ்ப்பக்கம் 45 டிகிரி சரிச்சு. இதுக்குப் பேர் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா. ஏன் சரிக்கணும்னா, நாலையும் மட்டமா விட்டா ஆன்டெனாவோட இம்பீடன்ஸ் 36 ஓம் பக்கம் நிக்கும். சரிச்சா 50 ஓமுக்கு வரும். நம்ம கேபிளும் செட்டும் 50 ஓம்தான்.

முதல்ல 52 சென்டிமீட்டருக்கே வெட்டுங்க. மீட்டரைப் பார்த்துப் பார்த்து மேல் ராடை அரை சென்டிமீட்டர், கால் சென்டிமீட்டர்னு குறைச்சுட்டு வாங்க. நீளமா இருந்தா வெட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியாது.

கடையில "அதிக கெய்ன்" ஆன்டெனா விற்பாங்க. கெய்ன்னா கூடுதல் பவர் கிடையாது. அதே மாவு உருண்டைதான், சப்பாத்தியா தேய்க்கிறோம். மேலயும் கீழயும் போற சிக்னலைக் குறைச்சு, பக்கவாட்டுல நீட்டுறாங்க. சமவெளியில இருக்கிற சென்னைக்கு இது நல்லது. மலையடிவாரத்துல வீடு, ரிப்பீட்டர் தலைக்கு மேலனா, ரொம்பத் தேய்ச்ச சப்பாத்தி அங்க எட்டாமலும் போகலாம்.

மீட்டர் ஏன் பொய் சொல்லும்?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் இருக்கும்னா, அது இதுவா இருக்கட்டும்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், நாம அனுப்புற பவர்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டும். 1 வந்தா எதுவும் திரும்பல. 1.5-னா 4 சதவீதம் திரும்புது, கவலையில்ல. 3-னா கால்வாசி திரும்புது, செட்டுக்கு ஆபத்து.

இப்போ, விலை கம்மின்னு ஆர்.ஜி. 58 கேபிள் 30 மீட்டர் இழுக்கிறோம்னு வைங்க. இந்த அதிர்வெண்ல அந்த நீளத்துக்கு 5, 6 டெசிபெல் இழப்பு. அதாவது மூணுல ரெண்டு பங்குலேருந்து நாலுல மூணு பங்கு வரைக்கும் பவர் கேபிளுக்குள்ளேயே சூடாகி வீணாப் போகுது. சரி, இந்தக் கேபிளோட மேல்முனையில ஆன்டெனாவே இல்லைன்னா மீட்டர் என்ன காட்டும்? போற வழியில 6 டெசிபெல் இழப்பு, மேல போய் முட்டித் திரும்புற வழியில இன்னொரு 6. திரும்பி வர்றது 6 சதவீதம்தான். மீட்டர்ல 1.7-னு வரும்! ஆன்டெனா காத்துல பறந்து பக்கத்து வீட்டுல கிடக்கு, மீட்டர் "எல்லாம் ஓகே"ங்குது.

நம்ம பாஷையில சொன்னா, சர்வீஸ் செத்துப் போச்சு, ஹெல்த் செக் மட்டும் 200 ஓகே அனுப்பிட்டே இருக்கு. ஏன்னா அது சர்வீஸைத் தொடவே இல்ல, முன்னாடி இருக்கிற பிராக்ஸிகிட்ட கேட்டுட்டு வந்துடுச்சு.

அதனால மூணு விஷயம். கேபிளை முடிஞ்ச அளவு சின்னதா வைங்க. 10 மீட்டருக்கு மேல போகும்னா ஆர்.ஜி. 213 அல்லது எல்.எம்.ஆர். 400 மாதிரி தடிமனான கேபிள் போடுங்க. எல்.எம்.ஆர். 400-ல 30 மீட்டருக்கு இழப்பு ஒன்றரை டெசிபெல்தான். மூணாவது, கணக்கை ஆன்டெனாவுக்குப் பக்கத்துலயே எடுங்க. நானோ வி.என்.ஏ.ன்னு உள்ளங்கை அளவு கருவி இருக்கு, அதை மாடிக்கே தூக்கிட்டுப் போகலாம்.

நிறுத்துறதுக்கு முன்னாடி மேல பாருங்க

இங்க விளையாட்டே வேண்டாம். நம்ம ஊர் தெருக்கள்ல மின்கம்பி மாடியை ஒட்டியே போகும். பைப்பும் ஆன்டெனாவும் சேர்ந்து மொத்த நீளம் 6 மீட்டர்னா, மின்கம்பி குறைஞ்சது 9 மீட்டர் தள்ளி இருக்கணும். 12 இருந்தா இன்னும் நல்லது. எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் தொடக் கூடாது. அந்த இடைவெளி இல்லைன்னா அந்த இடம் கிடையாது, அவ்வளவுதான். தூக்கும்போது பைப் சாய ஆரம்பிச்சா கை தானாவே பிடிக்கப் போகும். பிடிக்காதீங்க, விட்டுட்டு விலகுங்க. ஆன்டெனா போனா இன்னொன்னு செஞ்சுக்கலாம். தனியா ஏறாதீங்க, ரெண்டு பேராவது வேணும்.

ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப், யு போல்ட், ரெண்டு கிளாம்ப். கிளாம்ப் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு உறுதி. ஒத்தைக்கல் கைப்பிடிச் சுவர்ல மாட்டாதீங்க. 3 மீட்டருக்கு மேலனா மூணு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டணும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில மரமே வேரோட சாய்ஞ்சது, ஞாபகம் இருக்கட்டும்.

இடி விஷயத்துல நேராவே சொல்றேன். நேரடியா விழுற இடியை எந்தக் கருவியும் முழுசா தடுக்காது. பைப்புக்கு எர்த் கொடுங்க, கேபிள் வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல சர்ஜ் அரெஸ்டர் போடுங்க. அந்த எர்த்தை வீட்டு எர்த்தோட சேர்த்து இணைக்கணும். இதை எலக்ட்ரீஷியனை வச்சே பண்ணுங்க. மேகம் கூடினா கேபிளைக் கழட்டி வச்சிடுங்க. இடி இடிக்கும்போது கழட்டப் போகாதீங்க.

வருஷத்துக்கு ரெண்டு தடவை மாடிக்கு

ஆன்டெனாவுக்கு முதல் எதிரி தண்ணி. நாம பயன்படுத்துற திருகு கனெக்டர் தண்ணி புகாத வகை கிடையாது. அதைச் சுத்தி, தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. அதுக்கு மேல சாதா கறுப்பு டேப், வெயிலுக்காக. கீழிருந்து மேல சுத்தினா ஓட்டுக்கூரை மாதிரி தண்ணி வழிஞ்சுடும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க. தண்ணி அங்கேயே சொட்டிடும்.

செப்டம்பர்ல ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி. மார்ச்ல ஒரு தடவை, கோடை இடிக்கு முன்னாடி. டேப் பிரிஞ்சிருக்கா, கேபிள் மேல்தோல் வெடிச்சிருக்கா, போல்ட் துரு பிடிச்சிருக்கா, கயிறு தளர்ந்திருக்கா, காக்கா கூடு கட்டியிருக்கா, எல்லாம் பாருங்க. கடற்கரைப் பக்கம் வீடுன்னா 316 கிரேடு எவர்சில்வர் போல்ட் போடுங்க. கிரவுண்ட் பிளேன் வச்சிருந்தா, கேபிளைச் செட்லிருந்து கழட்டி, நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் நடுவுல மல்ட்டிமீட்டர் வைங்க. எதுவும் காட்டக் கூடாது. ஏதாவது ஓம் காட்டினா தண்ணி இறங்கிடுச்சு. கேபிளை மாத்துங்க, காய வைக்கிறதெல்லாம் வேலைக்கு ஆகாது.

நிறுத்துன அன்னைக்கே எஸ்.டபிள்யூ.ஆர். எண்ணை எழுதி வைங்க. கூடினா மட்டுமில்ல, காரணமே இல்லாம குறைஞ்சாலும் சந்தேகப்படுங்க. கேபிள் கெட்டா மீட்டர் அழகாத்தான் காட்டும். கடைசி டெஸ்ட் மனுஷன்தான். வாரம் ஒரு தடவை, 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அதே நண்பரைக் கூப்பிட்டு "எப்படிக் கேட்குது?"ன்னு கேளுங்க.

"இதெல்லாம் எதுக்குப்பா?"

அபார்ட்மென்ட் அசோசியேஷன் மீட்டிங்ல கண்டிப்பா ஒரு அங்கிள் கேட்பார். 2004 சுனாமி சமயத்துல, பாரதி பிரசாத்தோட ஹாம் குழு வேற வேலையா போர்ட் பிளேர்ல இருந்தாங்க. மத்த தொடர்பெல்லாம் அறுந்தப்போ அந்தமான்லேருந்து செய்தி அனுப்பினது அவங்க செட்தான். அது வேற அலைவரிசை, வேற ஆன்டெனா, ஆனா தேவை ஒன்னுதான். 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில எத்தனை ஏரியாவுல போன் செத்துப் போச்சுன்னு அங்கிளுக்கே தெரியும். அதைச் சொல்லுங்க. உரிமத்தைக் காட்டுங்க, எர்த் எங்க போட்டிருக்குன்னு காட்டுங்க, ஆன்டெனா யார் தலைக்கும் எட்டாத உயரத்துல இருக்கும்னு எழுதிக் கொடுங்க. சண்டை போட்டு வாங்குற அனுமதி ரொம்ப நாள் தாங்காது.

ஆனா ஒன்னு. "அவசரத்துக்கு உதவும்"னு சொல்லி அனுமதி வாங்கிட்டா, அது வேலை செய்யுற நிலையில இருக்கிறது நம்ம பொறுப்பு. வெள்ளம் வர்ற அன்னைக்கு மாடி ஏறி டேப் சுத்த முடியாது. இது செப்டம்பருக்கு முந்தின வேலை.

அடுத்த எபிசோட்ல கரன்ட் போனாலும் செட்டு ஓடுறதுக்கு பேட்டரி, சோலார் கணக்கு பார்ப்போம். கேள்வி இருந்தா அனுப்புங்க. அதுவரைக்கும், 73!