எண்ணெயும் நீரும்



அரக்கோணத்தில் நான் ஆசிரியனாயிருந்த நாளில், மாணவன் ஒருவன் தன் தந்தையின் கைகளைப் பற்றிச் சொன்னான். இராணிப்பேட்டைத் தோல் தொழிலாளியான அவருக்குச் சுண்ணாம்புத் தொட்டி வேலையால் உள்ளங்கை வெடித்திருந்தது. எண்ணெய் தடவினாற் பிசுபிசுக்கிறது. என் செய்வது என்றான்.

கையுறைத் தோலை மென்மையாக்க முட்டை மஞ்சட்கருவை ஊட்டுவது தோல் தொழிலின் பழைய முறை. அதிலுள்ள லெசிதினின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும். இரண்டையும் பிரியாமல் நிறுத்தும். மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 1850-இல் அதற்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலார் கோப்லே.

அடுப்பு வேண்டா, சுட்டாற் கரு திரைந்துவிடும். கருவில் நல்லெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தோம். பிறகு காய்ச்சி ஆறிய நீரைச் சேர்த்தோம். அவசரமாக ஊற்றிய முதற்கிண்ணம் பிரிந்துபோயிற்று. இரண்டாவது, வெண்ணெய்போல் திரண்டது. எனக்குப் பெருமிதந்தான்!

மூன்றாம் நாள் அது நாறிற்று. நீரும் கருவும் கூடிய இடம் கிருமிகளுக்கு விருந்து. சூடு காணாத குழம்பில் அவை மடிவதுமில்லை. கடைக் களிம்புகளிற் காப்புப்பொருள் சேர்ப்பது இதனாலேயே. நான் அதை எண்ணவில்லை. வெடித்த கையில் தடவியிருந்தால் என்னாவது? நல்லவேளை, பையன் இன்னும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டு, கைகழுவியபின் ஈரம் உலருமுன் இரண்டே சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லியனுப்பினேன். இரண்டு சொட்டுக்குப் பிசுபிசுப்பும் இல்லை.